காணாத கோளை யார் உறுதி செய்வது? புறக்கோள் ஆய்வாளர்களின் ஒருநாள் கூட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம், வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களான புறக்கோள்களைப் பற்றிப் பேச நேர்ந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இத்தனை ஆயிரம் கோள் இருக்குன்னு சொல்றீங்களே, அதுல எத்தனையை ஒருத்தராவது கண்ணால பார்த்திருக்காங்க?” என்றார். மிகச் சிலவற்றைத்தான், அதுவும் தொலைநோக்கிப் படங்களில் வெறும் ஒளிப்புள்ளிகளாகத்தான் என்று சொன்னேன். “அப்போ மத்ததெல்லாம் இருக்குன்னு யார் முடிவு பண்றது?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அவருக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைச் சொல்வதானால், புறக்கோள் ஆய்வாளர்கள் அவ்வப்போது நடத்தும் ஒருநாள் கூட்டம் ஒன்றில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் அங்கே காலை முதல் மாலை வரை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

வட்டார அளவிலான ஒருநாள் கூட்டம் என்பது, காலையில் பேருந்திலோ ரயிலிலோ வந்து இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில் இருப்பவர்களுக்காக நடத்தப்படுவது. பெங்களூரில் அதற்கு இடமும் ஆட்களும் உண்டு. கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது; சதாசிவநகரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவின் மையங்களும் இதே நகரில் இருக்கின்றன. நகருக்குச் சற்று வெளியே ஹோஸ்கோட்டேயில் அமர்ந்துகொண்டு லடாக்கின் ஹான்லே தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். சில மணிநேரப் பயணத்தில், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் வந்துவிடும். அகமதாபாத், மும்பை, புவனேசுவரம் ஆகிய ஊர்களிலும் புறக்கோள் ஆய்வுக் குழுக்கள் உண்டு என்றாலும், அவர்கள் வருவதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஐந்து நாள் பன்னாட்டு மாநாட்டில் முடிந்துபோன ஆய்வை மெருகேற்றி வைப்பார்கள். பதிவுக் கட்டணமும் தங்குமிடச் செலவும் மாணவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒருநாள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பேச்சுகளும், நடைபாதையில் ஒட்டிய சில போஸ்டர்களும், நீண்ட தேநீர் இடைவேளைகளும்தாம் உண்டு. முடியாத வேலையை முடியாத நிலையிலேயே அங்கே காட்டலாம். என் கணிப்பில் அதன் பெருமதிப்பே அதுதான்.

அங்கே பேசப்படுவது என்ன என்று புரிந்துகொள்ள, முதலில் புறக்கோள் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். தமிழர்கள் வானத்தைப் பார்த்து, இடம் மாறாமல் நிற்பவற்றை நாள்மீன் என்றும், அவற்றிடையே அலைந்து திரிபவற்றைக் கோள்மீன் என்றும் சங்க காலத்திலேயே பிரித்து வைத்தார்கள். அந்தக் கோள்மீன்கள் எல்லாம் நம் சூரியனைச் சுற்றுபவை. நாள்மீன் ஒவ்வொன்றும் தனியொரு சூரியன் என்று தெரிந்த பிறகு, அவற்றுக்கும் கோள்கள் இருக்குமா என்று கேட்பது இயல்பு. அப்படி வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளே புறக்கோள். 2025 செப்டம்பரில், உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6000ஐக் கடந்தது.

அவற்றை நேரே பார்ப்பதில் என்ன சிக்கல்? கோளுக்குத் தன்னொளி இல்லை. தன் விண்மீனின் வெளிச்சத்தில் சிறு பங்கைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நம் சூரியன் வியாழனைவிடச் சுமார் நூறு கோடி மடங்கு பிரகாசமானது. பூமியை எடுத்துக்கொண்டால் அந்த வேறுபாடு ஆயிரம் கோடி மடங்காகிறது. பல ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் ஒட்டிக்கிடக்கும். ஆகவே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கோளைத் தேடுவதில்லை, விண்மீனைத்தான் பார்க்கிறார்கள். கோள் ஒன்று இருந்தால் அந்த விண்மீனிடம் என்ன மாற்றம் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த மாற்றம் தெரிகிறதா என்று காத்திருக்கிறார்கள். கூட்டத்தில் காட்டப்படும் வரைபடங்களில் முக்கால் பங்கு இந்தக் காத்திருப்பின் பதிவுகளே.

முதல் வழிக்குக் கடப்பு முறை என்று பெயர். தேநீர் மேசையில் எல்லோரும் ‘டிரான்சிட்’ என்றே சொல்வார்கள். மழைக்காலத்தில் தெருவிளக்கைச் சுற்றும் ஈசல், விளக்குக்கும் நம் கண்ணுக்கும் நடுவே வரும் கணத்தில் ஒளியில் ஒரு துளியை மறைக்கிறது. கோளும் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே வரும்போது அப்படித்தான் மறைக்கிறது. எவ்வளவு மறையும் என்பது எளிய கணக்கு. வியாழனின் விட்டம் சூரியனுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பரப்பு என்று பார்த்தால் நூற்றில் ஒரு பங்கு. எனவே தொலைவிலிருந்து யாராவது நம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால், வியாழன் குறுக்கிடும்போது சூரியஒளி ஒரு விழுக்காடு குறையும். பூமியின் விட்டம் சூரியனுடையதில் 109இல் ஒரு பங்கு. எனவே மறையும் ஒளி சுமார் 12,000இல் ஒரு பங்குதான். இத்தனை சிறிய குறைவை அளக்க வேண்டும் என்பதால்தான் 2009இல் கெப்ளர் விண்கலமும் 2018இல் டெஸ் விண்கலமும் காற்றுமண்டலத்துக்கு வெளியே அனுப்பப்பட்டன. ஒரு விண்மீனின் ஒளியை நேரத்துக்கு எதிரே குறித்து வரையும் கோட்டுக்கு ஒளிவளைகோடு என்று பெயர். நேராக ஓடும் அந்தக் கோட்டில் குறிப்பிட்ட நாள் இடைவெளியில் சிறு பள்ளம் விழுந்துகொண்டே இருந்தால், அங்கே ஏதோ ஒன்று சுற்றுகிறது.

கடப்பை நம்மில் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2012 ஜூன் 6ஆம் நாள் காலையில், உதிக்கும்போதே சூரியன் தன் முகத்தில் வெள்ளிக்கோளைக் கரும்பொட்டாக ஏந்தி வந்தது. வெள்ளி இடைமறிப்பு என்று செய்தித்தாள்கள் எழுதிய அந்நிகழ்வும், புறக்கோள் கடப்பும் அடிப்படையில் ஒன்றே. நம் ஊர்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1874இல் இதே போன்ற வெள்ளிக் கடப்பு நிகழவிருந்தபோது, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நடக்கப்போவது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்திலும் கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளிலும் கொண்டுவந்தார். எளிய விளக்கம் எழுத உட்காரும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

கடப்பு முறைக்கு ஒரு குறை உண்டு. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டோடு பொருந்தி அமைந்தால்தான் அது நம் கண்முன் குறுக்கிடும். சூரியனைப் போன்ற விண்மீனைப் பூமியின் தொலைவில் ஒரு கோள் சுற்றினால், அந்தப் பொருத்தம் அமைய இருநூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் வாய்ப்பு. அத்தகைய தொலைவில் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால், நம் கண்முன் குறுக்கிடாத சுமார் இருநூறு கோள்கள் இருக்கக்கூடும்.

இரண்டாவது வழி விண்மீனின் ஆட்டத்தை அளப்பது. குழந்தையின் இரு கைகளையும் பிடித்துச் சுற்றும் தந்தையைப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டம் போடுகிறது. தந்தையும் அசையாமல் நிற்க முடியாது, பின்னால் சாய்ந்து சிறு வட்டம் ஒன்றைப் போடுகிறார். கோள் சுற்றும்போது விண்மீனும் அப்படித்தான் சிறு வட்டம் போடுகிறது. ஒரு நேரம் நம்மை நோக்கி வருகிறது, ஒரு நேரம் விலகிப் போகிறது. வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் போகும் ரயிலின் ஊதல் தடித்தும் கேட்பது போல, நெருங்கும் விண்மீனின் ஒளியை நிறம்நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும் விலகுவதன் கோடுகள் சிவப்புப் பக்கமாகவும் நகர்கின்றன. அந்த நகர்வை அளந்தால் வேகம் கிடைக்கும். இதற்கு ஆரத் திசைவேக முறை என்று பெயர், பேச்சில் ‘ஆர்.வி.’. வியாழனால் நம் சூரியனுக்கு ஏற்படும் ஆட்டத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர்; ஊர்ச்சாலையில் ஒரு பேருந்து போகும் வேகம். பூமியால் ஏற்படுவதோ விநாடிக்கு 9 சென்டிமீட்டர். தவழும் குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகும். பல ஒளியாண்டுகளுக்கு அப்பால், கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு வாயுக்கோளம் தவழும் குழந்தையைவிட மெதுவாக அசைவதை இங்கிருந்து அளக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்த முறையில்தான் 1995இல் ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மயோரும் டிடியே கெலோவும், 51 பெகாசி என்ற சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தார்கள். அந்த விண்மீன் விநாடிக்கு 56 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கோளின் எடை குறைந்தது வியாழனில் பாதி. அதன் ஓர் ஆண்டோ நம் கணக்கில் நாலேகால் நாளுக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய கோள் தன் சூரியனை அத்தனை நெருங்கி இருக்க முடியும் என்று அதுவரை ஏறக்குறைய யாரும் எதிர்பார்க்கவில்லை. 2019இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு முன்பே, 1992இல், அலெக்சாண்டர் வொல்ஸ்க்சானும் டேல் ஃப்ரெயிலும் துடிவிண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள்களைக் கண்டிருந்தார்கள். ஆனால் துடிவிண்மீன் என்பது வெடித்து மடிந்த விண்மீனின் எச்சம். நம் சூரியனைப் போன்ற ஒன்றுக்குக் கோள் உண்டு என்று காட்டியது 1995ஆம் ஆண்டுதான்.

ஆரத் திசைவேகம் எடையைத் தருகிறது. கடப்பு உருவளவைத் தருகிறது. இரண்டும் ஒரே கோளுக்குக் கிடைத்தால் அதன் அடர்த்தி தெரியும். அது பாறையா, வாயுவா என்று ஊகிக்கலாம். இதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். ராஜஸ்தானில் அபு மலையின் குருசிகரத்தில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதனோடு இணைந்த ‘பாரஸ்’ என்னும் நிறமாலைமானி, வெப்பநிலை மாறாதபடி வெற்றிடக் கலத்துக்குள் காக்கப்படுகிறது. 2018இல், சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீனைச் சுற்றும் கோளின் எடையை அக்குழு அறிவித்தது. கடப்பைக் கெப்ளர் விண்கலம் ஏற்கெனவே பதிவு செய்திருந்தது. கோளின் ஆரம் பூமியைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு, எடை ஏறக்குறைய 27 மடங்கு. ஆரம் 6 மடங்கானால் கொள்ளளவு 216 மடங்காகிறது. அத்தனை பெரிய உருவத்துக்குள் 27 மடங்கு எடைதான் இருக்கிறது என்றால், அடர்த்தி பூமியினுடையதில் எட்டில் ஒரு பங்கு. அது நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. பள்ளிக் கணக்கறிவு மட்டுமே உள்ள ஒருவர் தாளில் போட்டுப் பார்த்து, அந்தக் கோளில் கால் ஊன்ற இடமிராது என்று தாமே சொல்லிவிடலாம்.

இனி, ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒளிவளைகோட்டில் பள்ளம் விழுந்தால் அது கோள்தானா?

நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்ட ஒரு ஜனவரி மாதக் கூட்டத்தில், வேலூர்ப் பக்கத்திலிருந்து அதிகாலை ரயிலில் வந்திருந்த முதுகலை மாணவி ஒருவர் தம் வரைபடத்தைத் திரையில் காட்டினார். டெஸ் விண்கலத்தின் தரவுகள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை விடுதி அறையில் தம் மடிக்கணினியில் அலசி, மூன்று நாளுக்கு ஒருமுறை 0.8 விழுக்காடு ஒளி குறையும் விண்மீன் ஒன்றைத் தேர்ந்திருந்தார். பள்ளத்தின் அடி தட்டையாக, அழகாக இருந்தது. வியாழனைவிடச் சற்றுச் சிறிய கோள் என்று கணக்கிட்டிருந்தார். பேச்சு முடிந்ததும் முன்வரிசையிலிருந்த மூத்த ஆய்வாளர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். மாணவிக்கு அது பிடிபடவில்லை என்பதைக் கண்டு, தேநீர் இடைவேளையில் அவரே அருகில் வந்து தமிழில் கேட்டார்.

“ஏம்மா, ஒண்ணாவது, மூணாவது, அஞ்சாவது பள்ளத்தையெல்லாம் தனிக் கட்டா வச்சுப் பார்த்தியா? ரெண்டு, நாலு, ஆறுன்னு இன்னொரு கட்டா?”

“இல்ல மேடம். எல்லாத்தையும் ஒண்ணா மடிச்சுதான் போட்டேன்.”

‘மடிப்பது’ என்பது அத்துறையில் அன்றாடச் சொல். மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் பள்ளங்களை, நீண்ட துணியை மடிப்பது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், அளவீட்டில் கலந்திருக்கும் தாறுமாறான ஏற்ற இறக்கங்கள் குறைந்து வடிவம் தெளிவாகும். ஆனால் மடிப்பு ஒன்றை மறைக்கவும் செய்யும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது இரண்டாவதை மறைக்கும்போது ஒரு பள்ளம். அரைச்சுற்றுக்குப் பின் இரண்டாவது முதலாவதை மறைக்கும்போது இன்னொரு பள்ளம். இரு விண்மீன்களின் வெப்பமும் சற்றே வேறுபட்டால் இரு பள்ளங்களின் ஆழமும் சற்றே வேறுபடும். சுற்றுக்காலம் உண்மையில் ஆறு நாள். ஆனால் மூன்று நாளுக்கு ஒரு பள்ளம் என்று எண்ணி மடித்துவிட்டால், ஆழமானதும் ஆழம் குறைந்ததும் கலந்து ஒரே பள்ளமாகத் தெரியும். கோள் என்று நாம் நினைத்தது இரட்டை விண்மீனாக முடியும்.

அங்கேயே, தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கி மடிக்கணினியைத் திறந்தார்கள். ஒற்றைப்படைப் பள்ளங்களின் சராசரி ஆழம் 0.81 விழுக்காடு; இரட்டைப்படையினது 0.74. ஒவ்வொன்றிலும் 0.05 அளவுக்குப் பிழை வரம்பு. இரண்டும் வேறா, ஒன்றா என்று அந்த அளவுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. சுற்றி நின்ற நான்கைந்து பேரில் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: பக்கத்தில் வேறு விண்மீன் உண்டா? டெஸ் படத்தில் ஒரு படப்புள்ளி வானில் 21 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) அகலத்தை உள்ளடக்கும். பல விண்மீன்களின் ஒளி அந்த ஒரே புள்ளிக்குள் கலந்து வரலாம். மொத்த ஒளியில் 1.6 விழுக்காடு மட்டுமே தரும் மங்கலான அண்டை விண்மீன் ஒன்று, துணையால் மறைக்கப்பட்டுப் பாதியாக மங்கினால், மொத்தத்தில் சரியாக 0.8 விழுக்காடுதான் குறையும். பெரிய விண்மீன் எதுவும் செய்யாமலேயே அதற்கு ஒரு கோள் இருப்பதாக நாம் எழுதிவிடுவோம். விண்வரைபடத்தைத் தேடியபோது அப்படி ஓர் அண்டை மீன் இருந்தது.

அந்த மாணவியின் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனால் அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் யாரும் அவரது வேலையைக் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பள்ளத்தைத் தங்கள் சொந்தப் பள்ளமாகவே எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். விண்மீன் புள்ளிகளைப் பற்றியும் ஒருவர் எச்சரித்தார். சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதைக் கொடைக்கானல் வானாய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படம்பிடித்து வருகிறது. பிற விண்மீன்களிலும் அத்தகைய புள்ளிகள் உண்டு. விண்மீன் தன்னைத்தானே சுற்றும்போது புள்ளியும் சேர்ந்து சுற்றி, ஆரத் திசைவேகத்தில் ஒரு பொய்யான ஆட்டத்தைக் காட்டும். கோளில்லாத விண்மீனுக்கும் கோளிருப்பதாக ஏமாற்றக்கூடியது அது.

ஒளிச்சரிவைத் தவறாகப் பொருள்கொள்வது புதியவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், யுரேனஸ் குறுக்கிடுவதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒருகணம் சரிந்ததைப் பதிவு செய்தார்கள். அறியப்படாத துணைக்கோள் ஒன்று மறைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். அவர்கள் கையிலிருந்த சான்றுக்கு அது நியாயமான முடிவு. பறக்கும் விமானத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கிடைத்த பதிவுகளை ஒப்பிட்ட பிறகே, ஒளியை மறைத்தவை யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்று தெளிவாயிற்று. ஒரே சரிவுதான், பல ஊர்ப் பதிவுகளை அருகருகே வைத்ததும் பொருள் மாறியது. அந்தப் பட்டாச்சார்யாவின் பெயரைத் தாங்கிய 1.3 மீட்டர் தொலைநோக்கி 2014 முதல் காவலூரில் இருக்கிறது.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. தமிழர்களில் பலர் அறியாதது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். புறக்கோள் ஒன்று இருப்பதாக அளவீடுகளின் அடிப்படையில் எழுந்த முதல் உரிமைகோரல்களில் ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து போனது. 1855இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், பாம்பாட்டி விண்மீன் குழுவிலுள்ள 70 என்ற எண்ணுடைய இரட்டை விண்மீனை அளந்து, அதன் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை என்று கண்டார். அங்கே கண்ணுக்குத் தெரியாத கோளொன்று இருக்கக்கூடும் என்று எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அந்த இரட்டை விண்மீன் ஒன்றையொன்று சுற்றி வர 88 ஆண்டுகள் ஆகும். அதன் இருப்பிடத்தில் மிகச் சிறு பிழை வந்தாலும் பாதை கோணிவிடும். 1890களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே விண்மீனுக்கு மீண்டும் ஒரு மறைவான துணையைக் கோரினார். 1899இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன், அப்படியொரு துணை இருந்தால் அந்த அமைப்பே நிலைக்காது என்று காட்டினார். ஜேக்கப் சொன்ன கோள் இல்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி சரியானது. கையாண்ட வழியும் சரியானது. கருவியின் துல்லியந்தான் போதவில்லை. ஐயம் கிளப்பக் கூடிய இன்னும் பத்துப்பேர் நுங்கம்பாக்கத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னை வானாய்வகம் பின்னர் கொடைக்கானலாக வளர்ந்தது. அதுவே 1971இல் தன்னாட்சி பெற்று இன்றைய இந்திய வானியற்பியல் நிறுவனமானது. கோரமங்கலாவில் இன்று புறக்கோள்களைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த வழியில் ஜேக்கப்பின் வாரிசுகள்.

கூட்டங்களில் அண்மைக்காலமாகச் சூடு பறப்பது கே2-18பி என்ற கோளைப் பற்றி. சுமார் 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் வளிமண்டலத்தில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு 2023இல் அறிவித்தது. 2025 ஏப்ரலில், டைமெத்தில் சல்ஃபைடு என்ற சேர்மத்தின் அறிகுறி தெரிவதாகவும் அக்குழு சொன்னது. பூமியில் அச்சேர்மம் பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்களால் உண்டாவது என்பதால், உலகெங்கும் செய்தித்தாள்கள் வேற்றுலக உயிர் என்று தலைப்பிட்டன. ஆனால் அதே தரவுகளை எடுத்து வேறு முறையில் அலசிய பிற குழுக்களுக்கு அந்த அறிகுறி உறுதியாகக் கிடைக்கவில்லை. கடப்பின்போது கோளின் விளிம்புக் காற்றை ஊடுருவி வரும் விண்மீன் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்ப்பதே இங்கு நடப்பது. அந்த உறிஞ்சல் மிகச் சிறியது; எந்த மூலக்கூறுகளை எதிர்பார்த்துக் கணக்குப் போடுகிறோமோ அதற்கேற்ப விடையும் அசையும். செய்தியாக மட்டும் இதைப் படிப்பவருக்கு, ஒருவர் சொன்னார், மற்றவர் மறுத்தார் என்று தோன்றும். ஆய்வாளர்களோடு உட்கார்ந்து கேட்டால், அந்த முதுகலை மாணவியிடமோ கேம்பிரிட்ஜ் பேராசிரியரிடமோ கேட்கப்படும் கேள்வி ஒன்றே என்பது விளங்கும்: இதே அளவீட்டை வேறு எதனால் விளக்கலாம்?

ஐயங்களைத் தீர்க்கத் தொலைநோக்கி நேரம் வேண்டும். அதைப் பங்கிட்டுக்கொள்வது ஒருநாள் கூட்டத்தின் மற்றொரு பயன். கடப்பு சில மணிநேரமே நீடிக்கும். அது பகலில் நிகழ்ந்தால் நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. தென்மேற்குப் பருவமழை அபு மலையை மூடிவிடும். வடகிழக்குப் பருவமழை காவலூருக்கு மேகத்தைக் கொண்டுவரும். ஏறக்குறைய 4500 மீட்டர் உயரத்தில், மழைமறைவுப் பகுதியில் இருக்கும் ஹான்லேயில் வானம் தெளிவு. ஆனால் அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு விண்ணப்பிப்போர் பலர். யாருக்கு எந்த இரவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த இரவில் எந்த இரண்டு மணிநேரத்தை விட்டுக்கொடுக்க முடியும் என்பதெல்லாம் அலுவல் கடிதங்களில் ஆவதைவிட, மதிய உணவின்போது தயிர்ச்சாதத் தட்டோடு நின்று பேசுகையில் விரைவாக முடிகிறது.

புதிதாகச் செல்ல விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் அரைமணியில் பாதி புரியாது. வரைபடத்தில் கிடைக்கோடு எதைக் காட்டுகிறது, நிலைக்கோடு எதைக் காட்டுகிறது என்பதை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டால், பள்ளமா, ஆட்டமா என்று தெரிந்துவிடும். மீதியைத் தேநீர் இடைவேளையில் கேட்கலாம். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஜனவரிக் கூட்டம் முடிந்தபோது மாலை ஆறு மணி. காவலூரில் பிப்ரவரியில் இரவு ஒதுக்கீடு பெற்றிருந்த ஆய்வாளர் ஒருவர், தம் நேரத்தில் மூன்று மணியை அந்த மாணவிக்குத் தருவதாகச் சொன்னார். 1.3 மீட்டர் தொலைநோக்கியில் பெரிய விண்மீனும் அதன் மங்கலான அண்டை மீனும் தனித்தனியாகத் தெரியும். பள்ளம் விழும் நேரத்தில் எது மங்குகிறது என்று நேரடியாகப் பார்த்துவிடலாம். அவர்கள் கணக்கிட்டதில் அடுத்த தகுந்த கடப்பு பிப்ரவரி நடுவில், நள்ளிரவு கழிந்து ஒரு மணி இருபது நிமிடத்துக்குத் தொடங்கும். நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் அந்த நேரத்தை எழுதி, இருமுறை அடிக்கோடிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு அந்த மாணவி கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டார்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். “சரி தம்பி, அது கோளா இல்லையா?” என்றார். இன்னும் தெரியாது ஐயா, பிப்ரவரியில் ஓர் இரவு பார்க்கப் போகிறார்கள் என்றேன். எந்தத் தேதி என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து அவரும் குறித்துக்கொண்டார்.